வெயில் இருந்தது, மின்சாரம் ஏறவில்லை: மன்னவனூர் முகாமில் ஒரு லித்தியம் பேட்டரி

ஜனவரி மாதம் கொடைக்கானல் மலையில், மன்னவனூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தோட்டத்தில் அனுமதி பெற்றுக் கூடாரம் போட்டு மூன்று இரவுகள் தங்கினோம். இரண்டாம் இரவு 1.40 மணிக்கு அண்ணனின் மூச்சுக்கருவி நின்றுபோனது. அன்று பகல் முழுவதும் மேகமே இல்லாத வெயில். சோலார் பேனல் தெற்கு நோக்கிச் சரியாகச் சாய்ந்திருந்தது. பேட்டரி நிறைந்திருப்பதாகவே, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் திரை மாலைவரை காட்டியது. ஆனால் அந்தப் பகலில் பேட்டரிக்குள் ஏறிய மின்சாரம் பூஜ்யம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மறுநாள் காலை முழுவதும் ஆனது. அதற்குச் செய்த மாற்றமோ அடுத்த மாதம் நேர் எதிரான இன்னொரு கோளாறைக் கொண்டுவந்தது. இரண்டையும் அளவுகளோடு இங்கே பதிவு செய்கிறேன். கூடாரத்துக்கு லித்தியம் பேட்டரி வாங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களில் மருத்துவக் கருவியை நம்பி உறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கொண்டுபோன சாதனங்கள்

100 வாட் பேனல் ஒன்று; 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. கணக்குப்படி அதில் 640 வாட்-மணி இருக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் மூடிய வகை ஈய-அமில பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். எடை பாதிக்கும் கீழே குறைந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கன்ட்ரோலர் மட்டும் பழையது: 10 ஆம்பியர், பி.டபிள்யூ.எம். என்ற எளிய சுவிட்சு வகை, சிறிய திரை, மூன்று பொத்தான்கள்.

அண்ணனுக்கு வயது 54. தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர். இரவு முழுவதும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சி-பாப் கருவியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார். கருவி 24 வோல்ட்டில் இயங்குவது என்பதால் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் மாற்றி ஒன்றும் உண்டு. ஈரப்பதம் தரும் சூடேற்றியை அணைத்துவிட்டால் பேட்டரியிலிருந்து 2.1 ஆம்பியர், அதாவது சுமார் 27 வாட் எடுக்கிறது என்று வீட்டிலேயே அளந்து வைத்திருந்தேன். ஏழரை மணி நேரத்துக்கு 200 வாட்-மணி. விளக்குகளும் கைபேசிகளும் சேர்ந்தால் ஓர் இரவுக்கு 285. ஒரு நல்ல வெயில் நாள் அதை ஈடுகட்டிவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் இப்போதும் தவறு காணவில்லை.

பேட்டரி மாறியதும் கன்ட்ரோலரின் அமைப்பை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; மாற்றவும் செய்தேன். பட்டியலில் நான்கு வகைகள் இருந்தன. முதல் மூன்றும் ஈய-அமில வகைகள். நான்காவதற்கு எதிரே 'லி' என்று மட்டும் இருந்தது. லித்தியம்தானே என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். கோளாறு அந்த இடத்தில்தான் தொடங்கியது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மொட்டைமாடியில் எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தேன். இணைத்த மறுநொடியே பேட்டரிக் குறியில் எல்லாக் கோடுகளும் நிறைந்தன. வாங்கும்போதே முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தடயம் அதுதான், நான் அதைக் கவனிக்கவில்லை. புதிய லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் அரைகுறைச் சார்ஜோடுதான் வருகின்றன.

இரவு 1.40

பூம்பாறையின் பூண்டு வயல்களைத் தாண்டி மேலே ஏறும்போதே குளிர் கடிக்கத் தொடங்கியிருந்தது. முதல் இரவு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை 8.30 மணிக்கே பேனலை வெயிலில் வைத்தோம். அந்த அட்சரேகையில் ஜனவரி நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து அடிவானத்திலிருந்து 59 டிகிரி உயரத்தில் நிற்கும். எனவே பேனலுக்கு 30 டிகிரி சாய்வு கொடுத்தேன். யூக்கலிப்டஸ் நிழல் விழுந்தபோதெல்லாம் நகர்த்தி வைத்தேன்.

அன்றிரவு கருவியின் ஓசை நின்றதும் அண்ணன் திணறி எழுந்துவிட்டார். முகமூடியைக் கழற்றியபடி, "தம்பி, காற்று வரவில்லை" என்றார். திரையில் 10.7 வோல்ட் காட்டி, கன்ட்ரோலர் வெளியீட்டைத் துண்டித்திருந்தது. அண்ணி கைவிளக்கைப் பிடித்துக்கொள்ள, கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டச் சாலையில் நின்ற காருக்குப் போனோம். முன்இருக்கையைச் சாய்த்து, காரின் 12 வோல்ட் முனையில் மாற்றியைச் செருகிக் கருவியை ஓட்டினோம். நான்கு மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-மணிதான் செலவாகும். காரை மறுநாள் கிளப்புவதற்கு அது இடைஞ்சலாகாது. இந்த மாற்றுவழியை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததால்தான் அந்த இரவைக் கடந்தோம்.

காலையில் எடுத்த அளவுகள்

கையில் இருந்தது ஒரு சாதாரண மல்டிமீட்டர். யாருடைய ஊகத்தையும் கேட்காமல் ஒவ்வொரு இடமாக அளக்கத் தீர்மானித்தேன். ஊகங்களுக்குக் குறைவே இல்லை: பேனல் பழுது, இணைப்புத் தளர்வு, குளிரில் பேட்டரி விறைத்துவிட்டது, பேட்டரியே போலி.

முதலில் பேனலைத் தனியாகக் கழற்றினேன். திறந்த முனைகளில் 20.6 வோல்ட். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வரம்பில் வைத்து இரு முனைகளையும் அதன் வழியே குறுக்கிணைப்புச் செய்தபோது 4.6 ஆம்பியர். காலை 9.30 மணிக்கு 100 வாட் பேனலிடம் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது. (பேனலில் மட்டும்தான் இப்படிச் செய்யலாம். பேட்டரி முனைகளில் செய்தால் மீட்டர் எரிவதோடு கையும் புண்ணாகும்.) ஆக, பேனல் நலமாக இருந்தது.

பேட்டரி, இரவெல்லாம் சுமை (மின்சாரம் எடுக்கும் கருவி) இல்லாமல் ஓய்ந்திருந்ததால், 12.3 வோல்ட்டுக்கு மீண்டிருந்தது. முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் கன்ட்ரோலரோடு இணைத்தேன். இந்த வரிசை மாறக் கூடாது. பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் 12 வோல்ட் அமைப்பா 24 வோல்ட் அமைப்பா என்று முடிவு செய்கிறது. இடையில் மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தால் 2.4 ஆம்பியர் ஓடியது. ஓடுகிறதே என்று அண்ணி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பத்தே நிமிடம். மின்னோட்டம் பூஜ்யமானது. திரையில் 12.6 வோல்ட், பேட்டரி நிறைந்தது. சற்று நேரத்தில் மீண்டும் ஓடியது, மீண்டும் நின்றது.

அப்போது பேனல் முனையில் மீட்டரை வைத்தேன். மின்னோட்டம் ஓடும்போது 13 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. நின்றதும் 20 வோல்ட்டுக்குத் தாவியது. கோளாறை அம்பலப்படுத்தியது அந்த ஒரே அளவுதான். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலையும் பேட்டரியையும் நேராக இணைத்துவிடும் சுவிட்சு போன்றது. சார்ஜ் ஏறும்போது பேனலின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டை ஒட்டியே இருக்கும். நல்ல வெயிலில் பேனல் 20 வோல்ட்டில் நிற்கிறது என்றால், கன்ட்ரோலர் அதை வேண்டுமென்றே கழற்றி வைத்திருக்கிறது என்று பொருள்.

ஒரே சொல், இரண்டு பேட்டரிகள்

அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் மேடுவரை ஏறிப் போய், கன்ட்ரோலரின் கையேட்டைத் தேடி இறக்கினேன். 'லி' என்ற அமைப்புக்கு எதிரே முழுச் சார்ஜ் 12.6 வோல்ட் என்று இருந்தது.

கைபேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கும் வழக்கமான லித்தியம் அயன் செல் ஒன்று 4.2 வோல்ட்டில் நிறையும். மூன்றைத் தொடராகக் கோத்தால் 12.6. அந்தக் கன்ட்ரோலரைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது அந்தப் பேட்டரியை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் இயல்பு வோல்ட் 3.2, அது 3.65-இல் நிறையும். நான்கைத் தொடராகக் கோத்தால் 12.8 என்று பெயர், நிறைக்க 14.2 முதல் 14.6 வரை வேண்டும். 12.6 வோல்ட் என்பது அந்தப் பேட்டரிக்கு ஏறக்குறைய வெறும் வயிறு. எங்கள் பேட்டரி முதல் இரவுக்குப் பிறகும் 13 வோல்ட்டில் நின்றது. அளவுக்கு மேல் நிறைந்துவிட்டது என்று கன்ட்ரோலர் அன்று பகல் முழுவதும் வாசலை அடைத்துவிட்டது.

இரண்டுக்கும் ஒரே பெயர் வந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கைபேசி வகைப் பேட்டரிகளுக்கு அடிப்படையான கோபால்ட் ஆக்சைடு நேர்மின்முனையை 1980-இல் ஆக்ஸ்போர்டில் உருவாக்கியது விஞ்ஞானி ஜான் குட்இனஃப்பின் குழு. இரும்பு பாஸ்பேட்டை 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டதும் அதே குட்இனஃப்பின் குழுதான். அந்தக் கட்டுரையில் ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி என்ற ஆய்வாளர்களின் பெயர்களும் இருக்கின்றன. குட்இனஃப்புக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. இரண்டிலும் லித்தியம் அயனிதான் இங்குமங்கும் போய்வருகிறது. நேர்மின்முனை வேறாக இருப்பதால் வோல்ட் வேறாகிறது. கடைக்காரரின் விலைச்சீட்டிலும் கன்ட்ரோலர் திரையிலும் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

கோடுகள் நிறைந்து தெரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி. வீட்டு இன்வெர்ட்டரோடு பழகிய கண்ணுக்கு 13.1 என்பது மிகுதியாகவே தெரியும். இரும்பு பாஸ்பேட்டில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும்போதும் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும்போதும் வோல்ட் ஏறக்குறைய 13.1-க்கும் 13.3-க்கும் நடுவேதான் அசையும். வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லவே முடியாது. பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது, வீட்டிலிருந்து புறப்படும்போதே முக்கால் பங்குதான் இருந்திருக்கிறது.

ஒயரும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது. கன்ட்ரோலரைப் பேனலுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து பேட்டரிக்கு 4 மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்திருந்தோம். 2.4 ஆம்பியரில் போகவர 8 மீட்டருக்கு 0.2 வோல்ட் அதிலேயே கரைந்துவிடுகிறது. கன்ட்ரோலர் 12.6 என்று பார்த்தபோது பேட்டரி முனையில் 12.4 தான் இருந்தது. ஏறுவதும் நிற்பதுமாக அது தடுமாறியதற்கு விளக்கம் இதுவே.

"பழைய பேட்டரிக்கு வைத்திருந்த எண்ணையே வைத்துப் பாரேன்" என்றார் அண்ணன். மூடிய ஈய-அமில வகைக்கு மாற்றினேன். அதன் உச்சம் 14.4. உடனே 4.5 ஆம்பியருக்கு மேல் ஓடத் தொடங்கி, மாலை 4.30 வரை நிற்கவில்லை. மூன்றாம் இரவு அண்ணன் விடியும்வரை உறங்கினார்.

பிப்ரவரியில் வந்த எதிர்க் கோளாறு

ஊர் திரும்பிய பிறகும் அதே அமைப்பிலேயே விட்டுவிட்டேன். 14.4 என்பது பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த எண்ணோடு பொருந்தியது. மொட்டைமாடியில் முழுதாக நிறைந்தது, ஒரு சிக்கலும் தெரியவில்லை. வெக்கையான மாடிதான் அதை மறைத்துவைத்தது என்பதை மலையில்தான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் நண்பர்களோடு அதே தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் வரவில்லை என்பதால் இரவுச் செலவு மிகக் குறைவு. காலையில் பேட்டரி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. 9.20 மணிக்குச் சமையல் கூடாரத்தின் விளக்குப் பட்டை திடீரென்று கண் கூசும் அளவு ஒளிர்ந்து, துடித்து, அணைந்தது. கன்ட்ரோலர் பிழைக்குறி காட்டியது. கன்ட்ரோலரில் பேட்டரியை இணைக்கும் இடத்தில் மீட்டர் 14.6-க்கும் 18-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது. நிழலில் வெப்பமானி காட்டியது 11 டிகிரி.

ஈய-அமில பேட்டரிக்குக் குளிரில் கூடுதல் வோல்ட் வேண்டும். அதனால் அந்த அமைப்புகளில் வெப்ப ஈடு என்று ஒன்று சேர்ந்தே வரும். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு 0.018 வோல்ட் கூட்டுவது வழக்கமான அளவு. 14 டிகிரி குறைந்தால் 0.25 வோல்ட். எனவே 14.4 என்று நான் நம்பியது மலையில் 14.65 ஆகிவிட்டது. 35 டிகிரி மாடியில் அதே கன்ட்ரோலர் 14.2-லேயே நின்றிருக்கும்.

14.65 என்றால் செல்லுக்குச் சராசரி 3.66. நான்கு செல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முந்தி ஓடும் செல் எல்லையைத் தாண்டியதும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். சார்ஜ் வழியைத் துண்டித்தது. அது தன் கடமையைச் செய்தது. ஆனால் பேட்டரி விலகிய அந்த நொடியில் பேனலின் வோல்ட்டை உள்வாங்கி அடக்க எதுவும் இல்லை. அது வெளியீட்டில் இருந்த விளக்கின் மேல் பாய்ந்தது. அங்கே அண்ணனின் மாற்றி இணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று வெகுநேரம் என்னால் சாப்பிட முடியவில்லை.

பி.எம்.எஸ். இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். வண்டியை நிறுத்த பிரேக் இருக்கும்போது சுவரில் மோதி நிறுத்தச் சொல்வதற்கு ஒப்பானது அது. சார்ஜை நிறுத்த வேண்டியது கன்ட்ரோலர், பி.எம்.எஸ். கடைசி வேலி.

இப்போது இருக்கும் அமைப்பு

எண்களை நாமே உள்ளிடக்கூடிய 20 ஆம்பியர் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். அது எம்.பி.பி.டி. வகை. பேனலின் 18 வோல்ட்டை வீணாக்காமல் மாற்றித் தருவதால் பழைய கன்ட்ரோலரில் 73 வாட் கிடைத்த வெயிலில் 90-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. ஆனால் கோளாறு தீர அது தேவைப்படவில்லை. எண்களை மாற்ற இடம் கொடுக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரே போதும், பணம் குறைவாக உள்ளவர்கள் அதை வாங்கலாம்.

உச்ச வோல்ட் 14.2. 14.6 வரை ஏற்றினால் மிகச் சிறிய அளவே கூடுதலாகக் கிடைக்கும், அதற்காக வேலியை உரச வேண்டியதில்லை. அந்த உச்சத்தில் 20 நிமிடம் நிறுத்தினால் போதும். ஈய-அமிலத்துக்குப் போல இரண்டு மணி நேரம் தேவையில்லை. அதன் பின் மிதவை வோல்ட், அதாவது நிறைந்த பிறகு தாங்கி வைக்கும் அளவு, 13.5: பகல் சுமையைப் பேனலே சுமக்கும், பேட்டரியும் நெருக்கப்படாது. வெப்ப ஈடு பூஜ்யம். சமன் சார்ஜ் முற்றிலும் நிறுத்தம். ஈய-அமிலத்தில் படியும் சல்பேட்டைக் கரைக்க மாதம் ஒருமுறை வோல்ட்டை 14.8-ஐத் தாண்டி ஏற்றும் ஏற்பாடு அது. இங்கே அதற்கு வேலையே இல்லை, தீங்கு மட்டும் உண்டு.

கீழ்எல்லையைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. பழைய கன்ட்ரோலர் 10.7-இல் துண்டித்தது, இரும்பு பாஸ்பேட்டில் அந்த இடம் செங்குத்துச் சரிவின் அடிவாரம். இன்னும் சற்று இறங்கி 10-ஐத் தொட்டால் பி.எம்.எஸ். மொத்தமாக மூடிக்கொள்ளும், பிறகு பேட்டரியைக் கண்டுகொள்ளாத கன்ட்ரோலர் சார்ஜும் ஏற்றாது. 12.0-இல் துண்டிக்க வைத்திருக்கிறேன். மீண்டும் இணைக்கும் வோல்ட் 13.1. அதை 12.6 என்று விட்டால், சுமை கழன்றதும் பேட்டரி தானாகவே அந்த அளவுக்கு மீண்டு, கருவி நள்ளிரவில் அணைந்து அணைந்து எரியும். 13.1 என்றால் வெயில் வந்த பிறகே இணையும்.

மன்னவனூர்ப் பக்கம் சில விடியல்களில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். எனவே 3 டிகிரிக்குக் கீழே சார்ஜைத் தடுக்கும்படி வைத்து, உணர்வியைப் பேட்டரியின் உடலிலேயே ஒட்டியிருக்கிறேன். பேட்டரி கூடாரத்துக்குள், கம்பளிக்கு அடியில், கன்ட்ரோலரோடு ஒட்டியே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அரை மீட்டர் நீளம், 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஃபியூஸ்.

கோடுகளை நம்புவதை விட்டுவிட்டேன். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியர்-மணியாக எண்ணும் சிறிய மீட்டர் ஒன்றை பேட்டரியின் எதிர்மின்முனையில் பொருத்தியிருக்கிறோம்.

மார்ச்சில் அண்ணனோடு மறுபடியும் போனோம். படுக்கப் போகும்போது மீட்டரில் 46 ஆம்பியர்-மணி. காலை 6 மணிக்கு 26. பேட்டரி முனையில் 13.1 வோல்ட். முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருக்க, அண்ணன் கூடாரத்துக்கு வெளியே நின்று காபி கேட்டுக்கொண்டிருந்தார்.